நம்பரை அல்ல, குதிரையைக் காட்டுங்கோ

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம். ஆளுநர் கிண்ணத்தைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். "சூதாட்டம் நடக்கிற இடத்துக்குச் சின்னப் பிள்ளைகள் எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அங்கே எதைக் காட்டப் போறம் என்பதுதான் முக்கியம்.

ஓட்டம் ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடிஞ்சிடும். அதுக்கு முதல் குதிரைகளை நடத்திக் காட்டுவார்கள். பிள்ளையை அங்கே வேலியோரம் கொண்டுபோய் நிற்பாட்டுங்கோ. காதைப் பின்னுக்கு மடிச்சால் குதிரைக்குக் கோபம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் பின்னால் நிற்பவரை அதுக்குத் தெரியாது, வெருண்டால் உதைக்கும். இதெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஓட்டம் தொடங்கினதும் பிள்ளை கேட்கும்: "ஏன் அந்த மாமா குதிரைக்கு அடிக்கிறார்?" "அதுக்கு நோகாது" என்று மழுப்பாதீங்கோ. நோகும். நோர்வேயில் 1982இலேயே பந்தயத்தில் சவுக்கடியைத் தடை செய்தார்கள். அங்கே பந்தயம் நின்றுபோகவில்லை. அதையும் சொல்லுங்கோ.

ஒன்று மட்டும் வேண்டாம்: "எந்த நம்பர் வெல்லும், சொல்லு பாப்பம்" என்று பிள்ளையைக் கேட்டுக் காசு கட்டுறது. அதுக்குப் பிறகு பிள்ளை குதிரையைப் பார்க்காது, நம்பரைத்தான் பார்க்கும்.