இரண்டாவது வாய்க்கருவி யாருக்காக?

பூஜை விடுமுறை நெருங்கினால், ஊருக்குப் போவதா அந்தமானுக்குப் போவதா என்ற பேச்சு நம் கொல்கத்தா தமிழ்க் குடும்பங்களில் எழுவது வழக்கமாகிவிட்டது. விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்தை ஒட்டி போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). அங்கிருந்து படகில் ஹேவ்லாக் (2018 முதல் சுவராஜ் தீவு). பயிற்றுநரின் துணையோடு ஒருமுறை கடலடியைப் பார்த்துவிட்ட பிள்ளைகள், வீடு திரும்பியதும் "முறையாக ஸ்கூபா கற்க வேண்டும், சொந்தமாக ரெகுலேட்டர் வேண்டும்" என்கிறார்கள். ஐம்பது வயதுக்குமேல் இக்கலையைக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

சிலிண்டரில் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் இருக்கும். அதை அப்படியே சுவாசிக்க இயலாது. சிலிண்டரின் தலையில் பொருத்தும் முதல் நிலை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் மட்டுமே கூடுதலாக இருக்குமாறு அதைக் குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் நிலை, நாம் மூச்சிழுக்கும்போது மட்டும் அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. பிரான்சில் 1943-இல் குஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய கருவியிலிருந்து வளர்ந்தது இது. இன்று அதே முதல் நிலையிலிருந்து நீளமான இன்னொரு குழாயில் மஞ்சள் நிற வாய்க்கருவி ஒன்றும் தொங்குகிறது. அதற்கு ஆக்டோபஸ் என்று பெயர்.

நம்மவர்கள் செய்வது என்ன? தாம் கவ்வுவதற்கு விலை உயர்ந்ததை வாங்குகிறார்கள்; மஞ்சள் கருவிக்கு "இருப்பதில் மலிவானதைக் கொடுங்கள்" என்கிறார்கள். காருக்கு ஸ்டெப்னி போல என்பது அவர்கள் எண்ணம். காரை ஓரமாக நிறுத்தி டயர் மாற்றலாம். கடலுக்கடியில் சாலையோரம் ஏது?

அந்த மஞ்சள் கருவியைக் கவ்வப்போவது யார் என்று எண்ணிப் பாருங்கள். காற்றுத் தீர்ந்து, பயந்து, வேகவேகமாக மூச்சு வாங்கும் நம் துணைவர். 20 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கரையில் ஆவதைப்போல மூன்று மடங்கு காற்று செலவாகும். அப்போது ஒரே முதல் நிலையிலிருந்து இருவர் இழுக்கிறார்கள். நம் சிலிண்டரிலும் காற்றுக் குறைந்திருக்கலாம். எனவே சிலிண்டர் அழுத்தம் இறங்கினாலும் ஒரே சீராகக் காற்றுத் தரும் 'பேலன்ஸ்டு' வகை முதல் நிலையும், அதற்கு ஈடான ஆக்டோபசும் தேவை.

காற்று தானாகப் பீறிடாதிருக்க ஆக்டோபசைச் சற்று இறுக்கமாக அமைப்பார்கள் என்பது உண்மையே. அது சரிசெய்யும் முறையைப் பொறுத்தது; தரக்குறைவுக்கு அது சமாதானமாகாது. செலவைக் குறைக்க வேறு வழி உண்டு. அந்தமான் கடல் வெதுவெதுப்பானது. பனிநீருக்கென்று செய்த விலை கூடிய மாடல் நமக்கு வேண்டியதில்லை. அந்தப் பணத்தை இரண்டாவது கருவிக்குத் தாருங்கள்.

நம் நாட்டிலேயே சர்வீஸ் செய்யக்கூடியதாக வாங்குங்கள். தயாரிப்பாளர் சொல்லும் காலக்கெடுவில் மூன்று பகுதிகளையும் சேர்த்தே சர்வீசுக்குக் கொடுங்கள். முழுகி வந்ததும் முதல் நிலையின் மூடியைப் போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். நம் கொல்கத்தா ஈரப்பதத்தில் பையில் மூடி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். வாடகைக்கு எடுப்பவர்கள் படகிலேயே இரண்டு கருவிகளிலும் மாறிமாறிச் சில மூச்சுகள் இழுத்துப் பாருங்கள். அப்போது அழுத்தமானியின் முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று பொருள் கொள்ளலாம். உடனே பயிற்றுநரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் இரு வாய்க்கருவிகளுக்கும் முதல் நிலை ஒன்றே. அது பழுதானால் நமக்குக் கைகொடுப்பது துணைவரின் ஆக்டோபஸ்தான். அவரும் மலிவானதை வாங்கியிருந்தால்? மன்னார் வளைகுடாவில் ஒரே மூச்சில் முத்துக்குளித்த நம் முன்னோர், படகில் கயிறு பிடித்தவரை நம்பித்தான் இறங்கினார்கள். இன்று அந்தக் கயிற்றின் இடத்தில் இருப்பது மஞ்சள் கருவி. ஆகவே, பிள்ளைகளுக்கு ரெகுலேட்டர் வாங்கும் பெற்றோரை நான் வேண்டுவது ஒன்றே: கடைக்காரரிடம் இரண்டாவதை முதலில் காட்டச் சொல்லுங்கள்.