மூலக் கோப்பு எங்கே?

ஆங்கிலக் கவிதையில் இஸ்லாமியப் படிமங்களை ஆராய்ந்து ஒருவர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார் என்றால், நம் வயதுக்காரர்கள் முதலில் கேட்பது, "இதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?" என்பதுதான். பிரயோசனம் உண்டு என்பது என் கட்சி. ஆனால் அந்த இளம் ஆய்வாளருக்கு ஆங்கிலம் மட்டும் போதாது. மற்ற மொழிகளைக் கற்க அவருக்கு அவகாசம் வேண்டும். இன்று அதைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

லீ ஹன்ட் 1830களில் எழுதிய 'அபு பென் ஆதம்' கவிதையை எடுத்துக்கொள்வோம். உங்களில் பலர் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு வாய்த்தது லா ஃபொந்தேனின் காக்கையும் நரியும்தான். அபுவை என் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில்தான் பார்த்தேன். இரவில் கண்விழிக்கும் அபு, ஒரு வானவர் பொன் ஏட்டில் எழுதிக்கொண்டிருப்பதைக் காண்கிறார். இறைவனை நேசிப்பவர்களின் பட்டியல் அது. அதில் தன் பெயர் இல்லை என்றதும், சக மனிதர்களை நேசிப்பவனாகத் தன்னைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். மறுநாள் இரவு பார்த்தால், இறைவனின் அன்பைப் பெற்றவர்களின் வரிசையில் அவர் பெயரே முதலில் நிற்கிறது.

இந்த அபு கற்பனை ஆள் இல்லை. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பல்க் நகரத்து சூஃபி, இப்ராஹீம் இப்னு அத்ஹம். ஹன்ட்டுக்குக் கதை கிடைத்த இடம், பார்தெலெமி தெர்பெலோ தொகுத்து 1697இல் வெளிவந்த 'பிப்லியோதெக் ஓரியந்தால்' என்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம். பாரசீகக் கவிஞர் அத்தார் இறைநேசர்களின் வரலாறுகளைத் தொகுத்த நூலிலும் இக்கதை உண்டு. இந்தப் பழைய கதையில் இப்ராஹீம் சொல்வது வேறு: நான் இறைவனின் நேசர்களை நேசிப்பவன். அந்தப் பணிவுக்காகத்தான் அவர் பெயர் முதலில் எழுதப்படுகிறது. அந்த இடத்தில் ஹன்ட் 'சக மனிதர்களை' என்று மாற்றிவிட்டார். இறைநேசர்களின் காலடியில் நின்ற சூஃபி, இங்கிலாந்தின் மனிதநேயவாதியாக ஆகிவிட்டார்.

கவிஞருக்கு மாற்ற உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மாற்றியதும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'இதுதான் இஸ்லாம் சொல்வது' என்று வகுப்பில் நடத்தும்போது, இதில் பல்க் எவ்வளவு, லண்டன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா?

அலுவலகத்தில் ஒரு கோப்பு பத்து மேசை கடந்து வரும்போது, குறிப்புக்கு மேல் குறிப்பு ஏறி, முதல் மனுவில் என்ன கேட்டிருந்தார்கள் என்பதே மறைந்துவிடும். மூலக் காகிதத்தைப் புரட்டுகிறவர்தான் நல்ல குமாஸ்தா. ஆங்கிலக் கவிதையின் கிழக்கு அப்படி மேசை மேசையாக வந்த கோப்பு. 1649இல் ஆங்கிலத்தில் வந்த குர்ஆன், துய் ரியேயின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தது. அரபு மூலத்தைப் பார்த்து ஜார்ஜ் சேல் மொழிபெயர்த்தது 1734இல். ஆயிரத்தொரு இரவுகளும் முதலில் கலான் என்பவரின் பிரெஞ்சு வழியாகத்தான் போயின. தாமஸ் மூர் கிழக்கே கால் வைக்காமல், நூலகத்தில் உட்கார்ந்து 'லாலா ரூக்' எழுதினார். 1817இல் அதற்கு அவர் வாங்கியது 3,000 பவுண்டு. ஷெல்லியின் 'இஸ்லாமின் கிளர்ச்சி' பெயரில் மட்டும்தான் இஸ்லாம். உள்ளே இருப்பது பிரெஞ்சுப் புரட்சியின் கனவு. பைரனாவது அல்பேனியாவையும் இஸ்தான்புலையும் நேரில் பார்த்தவர். அவருடைய 'கியாவுர்' (1813) கவிதையிலும் வாசகர் மனத்தில் தங்குவது, கடலில் வீசிக் கொல்லப்படும் அடிமைப் பெண்தான். இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துப் பார்த்தே ஒரு சமூகத்தைப் பற்றி இன்னொரு சமூகம் முடிவு கட்டிவிடுகிறது. பிரயோசனம் என்னவென்று கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில்.

ஆகவே இத்துறையில் நுழைகிறவருக்குப் பிரெஞ்சும், அரபோ பாரசீகமோ தெரிய வேண்டும். ஆறு மாதத்தில் வருகிற காரியமா அது? பிரிட்டனில் பட்டம் வாங்கிய இளைஞர் பலருக்குக் கிடைப்பது ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்த வேலை. அது முடிவதற்குள் கட்டுரை வர வேண்டும், புத்தகத்துக்குப் பதிப்பகம் பிடிக்க வேண்டும். இலக்கணம் படித்த ஆண்டுகளுக்கு மதிப்பெண் கிடையாது. அதனால் புத்திசாலிப் பிள்ளைகளும் ஆங்கில நூலுக்கு ஆங்கில உரையே எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை.

அரசுப் பணியில் எங்களுக்குத் தகுதிகாண் பருவம் என்று ஒன்று இருந்தது. வேலை கற்றுக்கொண்ட அந்தக் காலமும் பணிக்காலத்தில் சேர்ந்தது. பல்கலைக்கழகங்களும் அப்படிச் செய்யட்டும். மொழி கற்கும் இரண்டு மூன்று ஆண்டுகளைச் சம்பளத்தோடு பணியாகவே கணக்கில் வைக்கட்டும். கட்டுரைகளின் எண்ணிக்கை குறையும். குறைந்தால் குறையட்டும். மூலத்தைப் படித்தவர் எழுதும் ஒரு கட்டுரை போதும், இப்ராஹீமை இப்ராஹீமாகவே நமக்குக் காட்ட.