மண்ணுக்குள் மறையும் துரு

தியாகராய நகரிலும் அடையாற்றின் அடியிலும் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். காங்கிரீட் வளையங்களே அதற்குக் கவசம். மலைச் சுரங்கங்களிலோ, பாறையில் துளையிட்டுச் செலுத்தும் எஃகுக் கம்பியாகிய ராக் போல்ட் கூரையைத் தாங்கும். இரண்டுக்கும் சத்துரு ஒன்றே: துரு. துளை முழுதும் சாந்து நிரம்பாவிடில் நீர் புகுந்து கம்பியை அரிக்கும். வெளியே தலை மட்டும் பளபளக்கும். துத்தநாகப் பூச்சு, பிளாஸ்டிக் உறை, இழுத்துப் பார்க்கும் சோதனை ஆகிய பரிகாரங்கள் இல்லாமலில்லை; சிக்கனம் என்ற பெயரால் அவற்றைக் குறைப்பது மகா அநீதி. 2023 நவம்பரில் உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் ஒரு பகுதி இடிந்து, 41 தொழிலாளர்கள் 17 நாட்கள் உள்ளே சிறைப்பட்டனர். சுரங்கம் பழுதானால் முதலில் அகப்படுபவன் தொழிலாளியே. ஆகவே, சோதனை முடிவுகளைச் சர்க்கார் ஆண்டுதோறும் தமிழில் பிரசுரிக்க வேண்டும். பொதுஜனப் பணத்தில் கட்டியதற்குப் பொதுஜனமே எஜமானர் அல்லவா?