அந்தப் பூனை என்ன ஜாதி?

வீட்டில் பூனை வளர்க்கிறோம் என்று சொன்னால் நம்மவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, "ஜாதிப் பூனையா, சாதாப் பூனையா?" மனிதனிடம் நேராகக் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைப் பூனை விஷயத்தில் கூசாமல் கேட்கிறோம். இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரான்சிலும் இருக்கிறது. அதுவும் கைவிடப்பட்ட பூனைகளைக் காப்பாற்றும் காப்பகத்திலேயே இருக்கிறது.

என் மகள் பாரிஸ் புறநகரில் இருக்கிறாள். பூனை ஒன்றைத் தத்தெடுக்கலாம் என்று அங்குள்ள ஒரு காப்பகத்தின் படங்களை எனக்கு அனுப்பி, "எது நல்லா இருக்கு பாருங்கப்பா" என்றாள். பார்த்தேன். சாம்பல் நிறம் என்றால் படத்துக்குக் கீழே 'ஷார்த்ரூ வகை'. காதும் மூக்கும் கருத்திருந்தால் 'சியாமீஸ் கலப்பு'. முடி நீண்டிருந்தால் 'பெர்ஷியன் கலப்பு'. உடம்பெல்லாம் கோடு போட்ட பாவப்பட்ட ஜீவனுக்கு வெறும் 'ஐரோப்பியன்'. எல்லாம் தெருவில் கிடைத்தவை. அப்பன் யார், ஆத்தா யார் என்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு எதோடு எது கலந்தது என்பது மட்டும் எப்படித் தெரிந்தது?

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். முகத்தைப் பார்த்து யாரும் சான்றிதழ் எழுதுவதில்லை. பதிவேட்டில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிரெஞ்சுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அங்கீகாரம் பெற்ற வம்சாவளிப் பதிவேட்டில் ஏறிய பூனையை மட்டுமே 'இனப் பூனை' என்று சொல்லலாம். பூனைகளுக்கான அந்தப் பதிவேட்டை நடத்தும் அமைப்பு 'லூஃப்'. 1996-ல் தொடங்கியது. அதில் இல்லாத பூனை எத்தனை அழகாக இருந்தாலும் இனம் சாராத பூனைதான். பள்ளியில் நான் படித்த பிரெஞ்சில் அதற்கு 'ஷா த கூத்தியேர்' என்று பெயர். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் தகரத்தின் மேல் திரிகிற பூனை என்று அர்த்தம். கேட்கவே நன்றாக இருக்கிறது. அதை எழுத என்ன வெட்கம்?

நிறத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது என்பது விஞ்ஞானம். கறுப்பு நிறத்தை வெளிறச் செய்யும் ஒரு மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் குட்டி சாம்பலாகப் பிறக்கும். பெற்றவை இரண்டும் கன்னங்கரேல் என்று இருந்தாலும் இது நடக்கும். நீண்ட முடியும் அப்படியே. சியாமீஸ் அடையாளமும் அப்படியே; நிறம் உண்டாக்கும் நொதி உடம்பின் குளிர்ந்த பாகங்களில் மட்டும் வேலை செய்வதால் காது, மூக்கு, பாதம், வால் கருக்கின்றன. இந்த மரபணுக்கள் எல்லாம் தெருப்பூனைகளிடமும் தாராளமாக இருக்கின்றன.

சரி, அந்த ஷார்த்ரூ இனம் எங்கிருந்து வந்தது? பிரான்சின் பெல்-ஈல் தீவில் திரிந்த சாம்பல் பூனைகளை எடுத்து, லெஜே சகோதரிகள் 1930 வாக்கில் வளர்த்துப் பெருக்கினார்கள். அதாவது, நேற்றைய தெருப்பூனைதான் பதிவேட்டில் ஏறி இன்றைய பிரபு ஆயிற்று. நம் நாட்டுப் பெயரைத் தாங்கிய கதையும் ஒன்று உண்டு. 'பாம்பே' என்று ஒரு கறுப்புப் பூனை இனம் இருக்கிறது. அது உருவானது 1950-களில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில். பம்பாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் தெருக் கறுப்புப் பூனையைப் பார்த்து 'பாம்பே' என்று பெருமைப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

"பெயர் போட்டால் சீக்கிரம் யாராவது அழைத்துப் போவார்கள், அதில் என்ன தப்பு?" என்று மகள் கேட்டாள். காப்பகத்தாரின் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பக்கத்துக் கூண்டைப் பாருங்கள். ஒரு பூனைக்குப் பொய்ப் பட்டம் கட்டும்போது, பட்டமில்லாத பூனையின் மதிப்பைக் குறைக்கிறோம். பட்டத்துக்காக வந்தவர் கோடு போட்ட பூனையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அழைத்துப் போனவரும் புத்தகத்தில் படித்த ஷார்த்ரூ குணத்தை எதிர்பார்ப்பார். அது இல்லையென்றால் ஏமாற்றம் அவருக்கு, தண்டனை பூனைக்கு.

வியாதி தெரிய இனம் தெரிய வேண்டாமா என்பார்கள். பெர்ஷியன் பூனைகளுக்குப் பரம்பரையாக வரும் சிறுநீரகக் கட்டி நோய் உண்மைதான். அதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. மூக்கையும் முடியையும் பார்த்து ஊகிப்பது பரிசோதனை ஆகாது.

காப்பகத்தார் எழுத வேண்டியது இவ்வளவுதான்: நிறம், முடி, உத்தேச வயது, தடுப்பூசி, கருத்தடை. கூடவே, மடியில் உட்காருமா, குழந்தைகளைச் சகிக்குமா, வேறு பூனையோடு ஒத்துப்போகுமா என்பது. தினமும் சோறு வைக்கிறவர்களுக்கு இதெல்லாம் நிச்சயமாகத் தெரியும். தத்தெடுக்கிறவருக்கு வேண்டியதும் இதுதான். இனம் என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது குமாஸ்தா வேலையின் முதல் பாடம். அதற்காக எந்த அதிகாரியும் யாரையும் கோபித்ததாக நான் பார்த்ததில்லை.

மகளுக்கு நான் எழுதிய பதில்: "படத்துக்குக் கீழே இருப்பதைப் படிக்காதே. நேரில் போய், எது உன் கையை முகர்ந்து பார்க்கிறதோ அதைக் கூட்டி வா."