நோயாளிக்குப் பின்னே நிற்கும் ஊர்

வைத்தியக் கல்லூரியில் சேருகிற மாணவர் முதலில் கற்பது மனித உடலை. எலும்பும் நரம்பும் எங்கே இருக்கின்றன, இருதயம் எவ்வாறு துடிக்கிறது, எந்த நோய்க்கு எந்த மருந்து என்று படிப்படியாகக் கற்று, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகளில் டாக்டராக வெளிவருகிறார். கட்டிலில் கிடக்கும் ஒரு நோயாளியைப் பரிசோதிப்பது அவருக்குக் கைவந்த கலையாகிவிடுகிறது. ஆனால் அந்த நோயாளி எந்தத் தெருவிலிருந்து வந்தார், அந்தத் தெருவுக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதே நோயுடன் ஆஸ்பத்திரிக்கு வராமல் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பவர் எத்தனை பேர் என்று கேட்டால், பதில் கிடைப்பது அரிது.

அந்தப் பதிலைத் தேடுவதற்குக் கற்றுத் தரவென்றே ஒரு பாடம் இருக்கிறது. பொதுச் சுகாதாரம் என்றும் சமுதாய மருத்துவம் என்றும் அதற்குப் பெயர். அதன் உயிர்நாடி, எபிடமியாலஜி எனப்படும் நோய்ப் பரவல் இயல். ஒரு நோய் யாருக்கு வருகிறது, எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கிலிருந்து காரணத்தைக் கண்டறியும் சாஸ்திரம் அது. பாடத்திட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. மாணவர் மனத்தில்தான் இடம் இல்லை. பரீட்சைக்கு முன் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் பாடங்களின் வரிசையில் இதுவும் சேர்ந்துவிட்டது. இதனால் நஷ்டம் அடைபவர் மாணவர் மட்டும் அல்லர், ஊரும்தான்.

இந்தச் சாஸ்திரம் எப்படிப்பட்டது என்பதை ஒரு கல்யாண வீட்டை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். விருந்தில் 300 பேர் சாப்பிட்டார்கள்; மறுநாள் 60 பேருக்கு வாந்தியும் பேதியும் கண்டன என்று வைத்துக்கொண்டால், டாக்டர் என்ன செய்வார்? நோயுற்ற 60 பேரையும் விசாரிப்பார். அவர்களில் 54 பேர் பாயசம் சாப்பிட்டதாகவும், 50 பேர் தயிர்ப் பச்சடி சாப்பிட்டதாகவும் தெரியவருகிறது. பழி பாயசத்தின் மேல் விழும். ஆனால் சௌக்கியமாக இருக்கும் 240 பேரையும் விசாரித்தால் கதை மாறிவிடுகிறது. பாயசம் சாப்பிட்டவர்கள் மொத்தம் 270 பேர். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நோய். பாயசத்தைத் தொடாத 30 பேரில் 6 பேருக்கு நோய். அங்கும் ஐந்தில் ஒருவர்தான். ஆகவே பாயசம் நிரபராதி. பச்சடி சாப்பிட்டவர்களோ 90 பேர்தான். அவர்களில் 50 பேர் படுத்துவிட்டார்கள். அதைத் தொடாத 210 பேரில் நோயுற்றவர் 10 பேரே. குற்றவாளி யார் என்று இனிச் சொல்லவேண்டியதில்லை.

நோயுற்றவரை மட்டும் விசாரிப்பது பாதி விசாரணை. நோயுறாதவரையும் சேர்த்து எண்ணினால்தான் உண்மை வெளிப்படும். வெளிநோயாளிப் பிரிவில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் டாக்டர் காண்பது நோயுற்றவர்களை மட்டுமே. அதனால்தான் அவருக்கு இந்தக் கணக்கு தனியே கற்பிக்கப்படவேண்டியிருக்கிறது.

இதைக் கற்காவிட்டால் மகா புத்திசாலிகளும் சறுக்கிவிடுவார்கள் என்பதற்கு 1978-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி சாட்சி. ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் உள்ள ஒரு நோய். அதைக் கண்டறிய ஒரு பரிசோதனை. நோய் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு ‘நோய் உண்டு’ என்று அது தவறாகக் காட்டும். அந்தப் பரிசோதனை ஒருவருக்கு ‘உண்டு’ என்று காட்டினால், உண்மையில் அவருக்கு நோய் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? அமெரிக்காவில் ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியைச் சார்ந்த ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. 95 சதவீதம் என்று சொன்னவர்களே அதிகம். சரியான விடை சொன்னவர்கள் 11 பேர்தான். ஆயிரம் பேரைப் பரிசோதித்தால் உண்மையான நோயாளி ஒருவர். தவறாக நோயாளி என்று காட்டப்படுபவர் ஏறக்குறைய 50 பேர். ஆகவே வாய்ப்பு நூற்றுக்கு இரண்டே. கணக்கு தெரியாத டாக்டரிடம் அகப்பட்டால், அந்த 50 பேரும் இல்லாத நோய்க்கு அழுது, கடன் வாங்கி, மருந்தும் சாப்பிட நேரும். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு பரிசோதனைக்கூடங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல.

கணக்கின் பலம் எத்தகையது என்பதற்குச் சென்னை நகரமே உலகுக்கு ஒரு பாடம் புகட்டியிருக்கிறது. காசநோய் கண்டவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து, சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் நல்ல உணவும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது அக்காலத்து உறுதியான நம்பிக்கை. ஆனால் நோயாளிகள் இருந்த அளவுக்கு இந்த நாட்டில் கட்டில்கள் இல்லை. 1956-இல் சென்னையில் ஒரு காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேர், குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் இருந்து மருந்து உட்கொண்டனர். மற்றப் பிரிவினர் வீட்டிலேயே இருந்து அதே மருந்துகளை உட்கொண்டனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகவே குணமடைந்திருந்தார்கள். அவர்களுடைய வீட்டாருக்கு அதனால் நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. உலக நாடுகள் தங்கள் சிகிச்சை முறையை மாற்றிக்கொள்ள இந்த ஆராய்ச்சி வழிகோலியது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமாக விளங்குவது அந்த நிலையமே.

அதே சென்னைக்கு அருகில், செங்கற்பட்டு மாவட்டத்தில், 1968-இல் பி.சி.ஜி. ஊசி பற்றிய பெரும் சோதனை ஒன்றும் தொடங்கியது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அதில் பங்குகொண்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை என்பதே கிடைத்த முடிவு. குழந்தைகளைத் தாக்கும் கொடிய வகைக் காசநோயிலிருந்து காக்கும் என்பதற்காகவே இன்றும் பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது. எதிர்பார்த்த முடிவு வராவிட்டாலும் வந்த முடிவை மறைக்காமல் வெளியிடுவது சாஸ்திரத்தின் தர்மம். மாணவர்கள் கற்கவேண்டியது அந்தத் தர்மத்தையும் சேர்த்துத்தான்.

இவையெல்லாம் தெரியாமல் பாடத்திட்டம் வகுக்கப்படவில்லை. சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-இல் அளித்த அறிக்கையில், மருந்து கொடுப்பதோடு நில்லாமல் சமுதாயத்தையும் கவனிக்கும் டாக்டர்கள் தேவை என்றும், அதற்கென மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றும் கூறியது. 1977-இல் வந்த திட்டம் ஒன்று, ஒவ்வொரு வைத்தியக் கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களின் பொறுப்பை ஏற்கவேண்டும் என்றது. 2022 முதல், மாணவர்கள் முதலாண்டிலேயே கிராமத்துக்குச் சென்று சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலம் முழுவதும் அவர்களுடைய ஆரோக்கியத்தைக் கவனித்து வரவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருக்கிறது. நோக்கத்தில் குறை காண இடமில்லை. நோக்கம் காகிதத்திலிருந்து தெருவுக்கு இறங்குகிறதா என்பதே கேள்வி.

பஸ்ஸில் ஏறிக் கிராமத்துக்குப் போய், அச்சடித்த படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் விடுதிக்குத் திரும்பிவிடுவது கல்வி ஆகாது. கிராமத்து மக்களுக்கும் இதில் ஒரு நியாயமான மனக்குறை உண்டு. ஆண்டுதோறும் யாரோ வருகிறார்கள், வீட்டில் எத்தனை பேர், கழிவறை உண்டா, கொசு கடிக்கிறதா என்று கேட்கிறார்கள், எழுதிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் ஒன்றும் நடப்பதில்லை என்றால், அடுத்த முறை யார்தான் மனம் திறந்து பேசுவார்கள்? கேட்டவர் கண்டறிந்ததை ஊராருக்குத் திரும்பச் சொல்லவேண்டும். பஞ்சாயத்துக்கும் சுகாதார அதிகாரிக்கும் எழுதித் தரவேண்டும். அடுத்த முறை போகும்போது என்ன ஆயிற்று என்று பார்க்கவேண்டும். தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போடப்படாததைக் கண்டுபிடித்து, அதைப் போடவைத்து, பேதி குறைந்ததா என்று எண்ணிப் பார்த்த மாணவர் அந்தப் பாடத்தை ஆயுள் முழுவதும் மறக்கமாட்டார்.

பரீட்சையும் மாறவேண்டும். பட்ட மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு, கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தேர்வாகவே இருக்கிறது. எந்தக் குழு எந்த ஆண்டில் அமைந்தது என்று மனப்பாடம் செய்தவர் அதில் மார்க் வாங்கலாம். ஒரு தெருவில் டெங்கு பரவும்போது என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. கல்லூரித் தேர்விலாவது, மாணவர் தாமே திரட்டிய விவரத்தை வைத்து அவரைக் கேள்வி கேட்பது உசிதம். இந்தப் பாடத்தை ஒரு துறையின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்குவதும் தகாது. குழந்தை வைத்தியப் பேராசிரியர் வார்டில் பேதி கண்ட ஒரு குழந்தையைக் காட்டும்போது, ‘இந்தத் தெருவில் இன்னும் எத்தனை குழந்தைகள்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். நூறு சொற்பொழிவுகளுக்கு அது ஈடாகும்.

ஏற்கெனவே சுமை தாங்காத மாணவர் தலையில் இன்னொரு சுமையா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இது புதிய சுமை அல்ல. இருக்கிற மணிகளை உருப்படியாகச் செலவிடும் வழி. எல்லாரும் சுகாதார அதிகாரியாகப் போவதில்லையே என்பது இன்னொரு ஆட்சேபம். உண்மைதான். ஆனால் ஒரே வாரத்தில் ஒரே தெருவிலிருந்து நாலு பேர் மஞ்சட்காமாலையுடன் வந்தால், அதை முதலில் காண்பவர் அந்தத் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரே. நாலு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டால், குழாயில் சாக்கடை கலப்பது தொடரும். சந்தேகப்பட்டுச் சுகாதார அதிகாரிக்குத் தகவல் கொடுத்தால், நாற்பது பேர் நோயுறாமல் தப்புவார்கள்.

அப்படித் தப்பிய நாற்பது பேரும் அந்த டாக்டருக்கு நன்றி சொல்ல வரப்போவதில்லை. தாங்கள் தப்பியதே அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கைம்மாறில்லாத தொண்டிலும் பெருமை உண்டு என்பதை மாணவப் பருவத்திலேயே உணர்த்துவது கல்லூரிகளின் கடமையாகும்.