பழியைப் பங்கிடுவோம்

நம் குழு தோற்ற மறுநாள் காலை, ரிங்லெட் கடைத்தெருவில் தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. "பயிற்றுநரை விரட்டுங்கள்" என்பார் ஒரு மேசையினர். "கோலடிக்கத் தெரியாத கால்களை வைத்துக்கொண்டு பயிற்றுநர் என்ன செய்வார்?" என்பார் மறு மேசையினர். இரு தரப்பாரும் தவறுகின்றனர் என்பதே என் வாதம்.

2024 ஜனவரியில் கத்தாரில் நடைபெற்ற ஆசியக் கிண்ணப் போட்டியை எண்ணிப் பாருங்கள். 1980க்குப் பின் முதன்முறையாகத் தகுதிச் சுற்றில் வென்று மலேசியா அங்கே சென்றது. ஜோர்டானிடம் 0-4 எனத் தோற்றது. பாஹ்ரேனிடம் 0-1 எனத் தோற்றது. இரண்டு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஆனால், ஜனவரி 25ஆம் நாள் தென்கொரியாவுக்கு எதிராக பைசால் ஹலிம், அரிப் ஐமான், ரோமெல் மொராலெஸ் ஆகிய மூவரும் கோல் அடிக்க, ஆட்டம் 3-3 எனச் சமநிலையில் முடிந்தது. பயிற்றுநர் அதே கிம் பான் கோன். குழுவும் அதே குழு. ஐந்தே நாளில் பயிற்றுநர் மேதையாகிவிட்டாரா? ஆட்டக்காரர்களுக்குப் புதுக் கால்கள் முளைத்துவிட்டனவா? இரண்டும் இல்லை. திட்டமும் அதை நிறைவேற்றும் கால்களும் அன்று ஒன்றுகூடின. கூடும்போது இருவருக்கும் புகழ் உண்டெனில், கூடாதபோது இருவருக்கும் பழி உண்டன்றோ?

நம் பகாங் குழுவுக்கு 2013இல் மலேசியக் கிண்ணத்தை வென்று தந்த டோல்லா சாலே, 2014இல் தேசியக் குழுவைத் தென்கிழக்காசியப் போட்டியின் இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றார். 2015 செப்டம்பரில் அக்குழு ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-10 எனத் தோற்றது. அவர் பதவி விலகினார். பொறுப்பேற்றது பெருமைக்குரியதே. ஆனால் ஒருவரின் விலகலோடு கணக்கு முடிந்துவிட்டதென நாம் எண்ணினோமே, அதுதான் குறை.

பழியைப் பங்கிடுவதென்றால் சரிபாதியாக வெட்டுவதன்று. எது எவர் கையில் இருந்ததோ, அது அவர் பங்கு. பந்து எதிரணியின் கோல் முகப்புக்கு எவ்வழியே சென்றுசேர வேண்டும், அங்கே எவர் நிற்க வேண்டும், அதற்கு எத்தனை நாள் பழக்கினோம் என்பவை பயிற்றுநரின் பொறுப்பு. கொடுத்த இடத்தில் நின்றாரா, இழந்த பந்தைத் துரத்தினாரா, உடலைப் பேணினாரா என்பவை ஆட்டக்காரரின் பொறுப்பு.

தேயிலைக் காட்டில் வளர்ந்த நமக்கு இக்கணக்கு புதிதன்று. பறிப்புச் சுற்று தாமதமானால் கொழுந்து முற்றிவிடும். அது சுற்றை வகுத்தவரின் குற்றம். உரிய நாளில் நிரைக்கு அனுப்பியும் முற்றிய இலை கூடையில் விழுந்தால், அது பறித்த கையின் குற்றம். என் தாயார் கூடை சுமந்த காலத்தில், குற்றம் எவருடையதாயினும் கூலி பிடிக்கப்பட்டது அவருக்கே. அந்த அநீதியைக் கண்டு வளர்ந்த நான், பின்னாளில் அதையே செய்தேன்.

மலைச்சரிவில் இருந்த ஒரு சிறு பள்ளியில் காற்பந்துக் குழுவைப் பழக்கினேன். மாவட்டப் போட்டியில் ஒரு கோலும் இன்றித் திரும்பினோம். வரும் வழியெல்லாம் மாணவர்களைக் கடிந்துகொண்டேன். ஒரு சிறுவன் மெல்லச் சொன்னான்: "ஐயா, நம் பள்ளியில் கோல்கம்பமே இல்லையே. கோலடிக்க நாங்கள் ஒருநாளும் பழகவில்லையே." உண்மை. குறுகிய முற்றத்தில் பந்தைக் கடத்த மட்டுமே கற்பித்திருந்தேன். இரண்டு மூங்கில்களை நட எனக்குத் தோன்றவில்லை. என் பங்கை ஒப்புக்கொண்ட பிறகே, அதிகாலைப் பயிற்சிக்கு வராமல் உறங்கிய தங்கள் பங்கை அவர்களும் ஒப்புக்கொண்டனர்.

ஆசிரியப் பெருமக்களே! யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. பழி சுமத்தும் பழக்கம் அகலவில்லை. பாடக்குறிப்பின் இறுதியில், சிந்தனை மீட்சி என்னும் பகுதியில், "மாணவர்கள் கவனம் செலுத்தவில்லை" என்று எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! கவனத்தை ஈர்க்க நாம் என்ன செய்தோம் என்று எத்தனை முறை எழுதினோம்? மாணவர்களே! "ஆசிரியர் சரியில்லை" என்னும் சொல்லும் உங்களைக் கரையேற்றாது.

பழி முழுவதையும் பிறர்மேல் சுமத்துபவன் தன்னிடம் திருத்த ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறான். தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்பவனே மறுநாள் மூங்கிலை நடுகிறான்.