கணையம் தரும் எச்சரிக்கை

எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தால், அதனை வெறும் அஜீரணமென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. 1991இல் அமெரிக்காவில் டிடனோசின் என்னும் மருந்து அங்கீகாரம் பெற்றது. அது கிருமியை அடக்கிற்று. ஆயினும் சிலருக்குக் கணைய அழற்சியைக் கொணர்ந்தது. உயிரையே பறிக்கவல்ல நோய் அது. ஆகவே அம்மருந்துண்ட சிறாரின் இரத்தத்தில் அமிலேஸ், லிப்பேஸ் என்னும் நொதிகளை மருத்துவர்கள் அளந்து வரலாயினர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அமிலேஸ் கணையத்திற்கு மட்டும் உரியதன்று. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அதனைச் சுரக்கின்றன. இக்கிருமியுள்ள குழந்தைகள் சிலருக்குக் காதோரச் சுரப்பிகள் வீங்கிக் கன்னம் பருத்திருக்கும். அப்போது கணையம் நலமாயிருந்தும் அமிலேஸ் உயர்ந்து காணலாம். அந்த ஓர் எண்ணைக் கண்டு அஞ்சி, உயிர்காக்கும் மருந்தைப் பெற்றோர் தாமாகவே நிறுத்துவது எத்துணைப் பேதைமை! பெரும்பாலும் கணையத்தினின்றே வரும் லிப்பேஸைச் சோதித்தால் ஐயம் பெரிதும் தீரும். வயிற்றுவலியும் இருந்து, லிப்பேஸும் இயல்பளவின் மும்மடங்கை எட்டினாலோ, ஒரு நாளும் தாமதித்தல் கூடாது.

அதே இடர் கொண்ட ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு 2009இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. டிடனோசினும் வழக்கொழிந்தது. இன்று டொலூடெக்ராவிர் உண்ணும் சிறாருக்கு இவ்விடர் மிக அரிது.